எடைக்கு எடை வெல்லம்

என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவரின் இலையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. மருமகள்கள் என்னை ராட்சசி என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வது எனக்குத் தெரியும். சொல்லட்டும். போன வருஷம் ஒரு கல்யாணப் பந்தியில் எதிர் வரிசைக் கிழவி ஒருத்தி, தன் பக்கத்திலிருந்த சின்னப் பெண்ணைப் பார்த்து, "ஏங்கண்ணு, இந்த உடம்புக்கு இன்னொரு லட்டு வேணுமாக்கும்?" என்று கேட்டாள். பந்தியே சிரித்தது. நான் எச்சில் கையோடு எழுந்து, "உங்க இலையப் பாத்து உண்ணுங்க, அவ இலையில உங்களுக்கென்ன சோலி?" என்று கத்திவிட்டேன். சம்பந்தி வீட்டார் முன்னால் மானம் போயிற்று என்றார்கள். போகட்டும். அந்தக் கோபத்தை நான் காட்டியிருக்க வேண்டிய நாள் வேறு ஒன்று இருந்தது. அன்றைக்கு நானும் சிரித்தவர்களோடு நின்றேன்.

நாமக்கல்லுக்குத் தெற்கே, காவிரிப் பக்கம் எங்கள் ஊர். மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. கரும்புக் காடும், மாடு பூட்டி ஓட்டும் ஆலையும், வெல்லம் காய்ச்சும் கொட்டகையும் எங்களுக்குச் சொந்தமாக இருந்தன. என் தங்கை என்னைவிட மூன்று வயது சின்னவள். நாலு வயதில் அவளுக்கு அம்மை வார்த்தது. வேப்பிலைமேல் கிடந்த பிள்ளையைப் பார்த்து அம்மா மாரியாத்தாளிடம் வேண்டிக்கொண்டாள்: பிள்ளையைத் திருப்பிக் கொடு, எடைக்கு எடை வெல்லம் கொடுக்கிறேன்.

பிள்ளை பிழைத்தாள். வேண்டுதல்தான் தள்ளிக்கொண்டே போயிற்று. ஒரு வருஷம் வெள்ளம், ஒரு வருஷம் பங்காளி வீட்டில் சாவு, ஒரு வருஷம் கரும்பே கையைக் கடித்தது. அப்போதே செய்திருந்தால் ஒரு கூடை வெல்லத்தோடு முடிந்திருக்கும். கடைசியில் செய்யப் போனபோது அவளுக்கு வயது பதிமூன்று.

அம்மையிலிருந்து மீண்டவள் என்று வீடே அவளுக்கு ஊட்டி வளர்த்தது. அவளும் ஆசையாகத் தின்பாள். அரிசி மாவில் வெல்லப்பாகு கலந்து அம்மா கச்சாயம் சுட்டால், எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சூட்டோடு ஒன்றைத் தின்பாள். இன்னொன்றைப் பாவாடை மடிப்பில் முடிந்து எனக்குக் கொண்டுவருவாள். கொழுகொழுவென்று இருப்பாள். அது ஒரு குறை என்று அன்றுவரை எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

மாரியாத்தா நோம்பித் திருவிழாவுக்கு ஊரே கோயிலில் கூடியிருந்தது. பெரிய தராசு கட்டி, ஒரு தட்டில் தங்கையை உட்கார வைத்தார்கள். புதுப் பாவாடை, தலை நிறையக் கனகாம்பரம். அப்பா நாலு கூடை வெல்லம் வண்டியில் கொண்டுவந்திருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எதிர்த்தட்டில் கொட்டினார்கள். நாலாவதும் கொட்டியாயிற்று. அவள் தட்டு தரையை விட்டு அசையவில்லை. கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டது. தங்கை கயிற்றைப் பிடித்தபடி என்னைத் தேடிப் பார்த்தாள்.

எனக்குப் பதினாறு வயது. வாய் சும்மா இருக்காது. "ஏனுங்கப்பா, கூடையெல்லாம் பத்தாதுங்க! ஆலையையே வண்டியில ஏத்திட்டு வாங்க!" என்றேன்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்ததால் யார் சொன்னது என்று அவளுக்குத் தெரியாது. தேங்காய், வாழைத்தார் எல்லாம் வைத்துப் பார்த்தார்கள். "ஆத்தா ஏத்துக்குவா, எறங்கு சாமி," என்று பூசாரி முடித்துவைத்தார். மறுநாளே கிணற்றடியில் தங்கையைக் கண்டதும் பெண்கள், "ஆலை வருது, வழி உடுங்க," என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊருக்கு அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தது என் வாய்.

அந்த வாரமே தங்கை ஒருசந்தி இருக்க ஆரம்பித்தாள். ஒரு நாளைக்கு ஒரே வேளைச் சாப்பாடு. முதலில் வெள்ளிக்கிழமை, பிறகு செவ்வாயும் சேர்ந்தது. அமாவாசை, கிருத்திகை, சஷ்டி என்று போய், சாப்பிடுகிற நாள்தான் எது என்று தேட வேண்டியதாயிற்று. அம்மாவுக்கு ஒரே பெருமை. "ஆத்தா காப்பாத்துன புள்ள, ஆத்தாளையே நெனச்சுட்டு இருக்குது," என்று வருவோர் போவோரிடம் சொன்னாள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அவள் கையால் திருநீறு வாங்க வந்தார்கள். ஐயோ, அந்தக் கை வளையல் முழங்கைவரை ஏறி நின்றதை ஒருத்தரும் பார்க்கவில்லை. அந்த ஒரு வேளைக் களியையும் அவள் கன்றுக்குட்டிக்குப் போடுவதை நான் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்தேன். கேட்டால் அன்றைக்குப் பேசியது நான்தான் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடுமே என்று பயம்.

இரண்டு வருஷத்தில் சீப்பு வைத்தால் முடி கொத்தாக வந்தது. மாதாமாதம் வீட்டுக்குத் தூரமாவது நின்றுபோயிற்று. சித்திரை வெயிலில் போர்வை கேட்டாள். அப்போதுதான் அம்மா பயந்தாள். பயந்தவள் வைத்தியரிடம் போனாளா? இல்லை. அவளுக்குத் தோன்றியது இது: "அன்னிக்குத் தட்டு ஏறவே இல்ல. கொறை வெச்ச வெல்லத்துக்கு ஆத்தா புள்ள உடம்புல இருந்தே எடுத்துக்கறா." அப்பாவும் தலையை ஆட்டினார். மறுபடியும் தராசு கட்டுவது என்று முடிவாயிற்று. ஆத்தா எடுக்கவில்லை, என் நாக்கு எடுக்கிறது என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

இந்த முறை குறையவே கூடாது என்று அப்பா ஆறு கூடை கொண்டுவந்தார். இரண்டைக் கொட்டி மூன்றாவதைச் சாய்க்கும்போதே தங்கை உட்கார்ந்திருந்த தட்டு விருட்டென்று மேலே போயிற்று. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அம்மா அழுதாள். தங்கை மேலேயிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். பரீட்சையில் ஜெயித்த பிள்ளையின் சிரிப்பு அது. "பாத்தியாக்கா, பாதிகூட வேண்டியதில்ல," என்றாள்.

மீதி வெல்லத்தில் ஒரு கூடையைப் பிரசாதமென்று பூசாரி வண்டியில் ஏற்றிவிட்டார். திரும்பும் வழியில் அம்மாவும் அப்பாவும் முன்னால் இருக்க, நான் அவள் காலடியில் உட்கார்ந்து, "கண்ணு, அன்னிக்கு நான் சொன்னதுதான உன்ன இப்பிடிப் பண்ணிருச்சு? என்னை மன்னிச்சிரு," என்று அழுதேன்.

அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். பிறகு, "நீ சொல்லலீன்னா வேற யாராச்சும் சொல்லியிருப்பாங்கக்கா," என்றாள். "ஆனா வேற யாராச்சும் சொல்லியிருந்தா, நீ எனக்காவச் சண்டைக்குப் போயிருப்பீல்ல?"

நான் கூடையிலிருந்து ஒரு சின்னத் துண்டு வெல்லத்தை எடுத்து அவள் கையில் வைத்தேன். ஊர் வருகிறவரை கையிலேயே வைத்திருந்து, கடைசியில் நாக்கில் வைத்தாள். "இனிப்பா இருக்குது," என்றாள், புதிதாகக் கண்டுபிடித்தவள்போல. மறுநாளிலிருந்து நான் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி கொடுத்தேன். அவளும் ஆசைப்பட்டுத்தான் குடித்தாள். உடம்பு ஏற்றுக்கொள்ளவில்லை, கால் வீங்கிற்று. இருபது நாள்கூடத் தாங்கவில்லை. பதினைந்து வயது.

காரியத்தன்று பிடித்த பண்டம் வைத்துப் படைக்க வேண்டும். "அவளுக்கு என்ன புடிக்கும்?" என்று அம்மா கேட்டாள். பெற்ற தாய்க்கே நினைவில்லை. நான் எழுந்துபோய்க் கோயிலிலிருந்து வந்த அந்த வெல்லத்தைப் பாகு காய்ச்சிக் கச்சாயம் சுட்டேன். ஆத்தா பாக்கியைத் தீர்த்துக்கொண்டாள் என்று அம்மா நம்பினாள், சாகும்வரை நம்பினாள். நான் திருத்தவில்லை.

படைத்து முடித்து, சட்டி ஓரம் தனியாக உட்கார்ந்து, சூடாக ஒன்றை எடுத்துத் தின்றேன். மூன்று நாளாக நான் ஒன்றும் தின்றிருக்கவில்லை. நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்ததற்குத்தான் அன்று நான் அப்படி அழுதேன். அழுதுகொண்டே இன்னொன்றை எடுத்தேன். அதைத் தின்னவில்லை. என் சேலை முந்தானையில் முடிந்துகொண்டேன்.