வாலுவின் மாற்றுப் பாதை

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். வீட்டிலும் கண்டக்டர்தான், கழுத்து விசிலைக் குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவார். கல்யாணமான புதிதில் நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்த விசில் ஒருநாள் எங்கள் வாலுவைக் கரையேற்றும் என்று யாருக்குத் தெரியும்?

வாலு எங்கள் மகள், நான்காம் வகுப்பு. ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் சேர்ந்தே இருக்கின்றன. பல் தேய்க்கப் போனால் குழாய்த் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு செருப்பைப் போட்டால் மற்றது மறந்துவிடும். நான் கத்துவேன், அவள் காதைப் பொத்திக்கொள்வாள், தினமும் காலையில் ரணகளம்தான். போன வருடம் பள்ளியில் கடற்கரைக்குச் சுற்றுலா போனார்கள். "தானா கிளம்பத் தெரிஞ்ச பிள்ளைங்கதான் வரலாம்" என்று டீச்சர் இவளை விட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று முழுக்க வாலு ஜன்னலை விட்டு நகரவில்லை.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "அறிவுக்குக் குறைச்சல் இல்லம்மா. அடுத்தது என்னன்னு மனசுல வச்சுக்கறதும், ஒண்ண விட்டு இன்னொண்ணுக்கு மாறுறதும்தான் கஷ்டம். அதுக்கு நாமதான் கைகொடுக்கணும்."

என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "இது நம்ம வேலையாச்சே. ஸ்டாப் தெரியாம முழிக்கிறவங்களத் திட்டுவேனா? இடம் வந்ததும் சொல்லி இறக்கி விடுவேன்."

மறுநாளே வீடு பஸ் ரூட் ஆனது. கட்டில்தான் டிப்போ. குளியலறை, அலமாரி, சாப்பாட்டு மேசை, புத்தகப் பை, செருப்பு எல்லாம் ஸ்டாப். ஒவ்வொன்றிலும் ஒரு படம். ஒரு வேலை முடிந்ததும் விசில். "அடுத்தது அலமாரி, அலமாரி." வாலு சிரித்துக்கொண்டே ஓடினாள். கொஞ்ச நாளில் விசில் அவள் கழுத்துக்கு மாறியது. தானே ஊதி, தானே அறிவித்து, தானே போனாள். அதுதான் பெரிய சாதனை என்றார் இவர்.

இந்த வருடச் சுற்றுலா வந்தது. அதே டீச்சர், அதே நிபந்தனை. இவருக்கு அதிகாலை டியூட்டி. "நீ குறுக்க பேசாத, அவளே கிளம்புவா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாலு எழுந்தாள், விசில் ஊதினாள், குளியலறைக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே, முந்தின நாள் ஊரிலிருந்து வந்திருந்த என் தம்பி, கையில் போனோடு. சனியன், அன்றைக்கென்று பார்த்துத்தானா?

முதல் ஸ்டாப்பே இல்லை. வாலு கையை உதறினாள், கதவில் தலையை முட்டினாள். முன்பெல்லாம் இப்படி ஆரம்பித்தால் அன்றைய பொழுது அவ்வளவுதான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

விசில் கேட்டது.

"ரோட்டுல வேலை நடக்குது. வண்டி மாத்துப் பாதையில போகும். முதல்ல பை, அப்புறம் மேசை. திரும்பி வரும்போது குளியலறை."

விடுமுறையில் அப்பாவின் பஸ்ஸில் போனபோது கேட்டதுதான். இவர் வீட்டில் அதைச் சொல்லித் தரவே இல்லை. என் பெண் தானே எடுத்துக்கொண்டாள்! எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

தெருமுனையில் பள்ளி பஸ் நின்றது. டீச்சர் கீழே நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். "தானா கிளம்பினியா?"

"ஆமா டீச்சர். நடுவுல டைவர்ஷன்."

இரண்டு காலிலும் செருப்போடு ஏறிய வாலு, படிக்குப் பக்கத்தில் நின்று இரண்டு விசில் கொடுத்தாள். "போலாம், ரைட்."

டிரைவர் முன்பு டவுன் பஸ் ஓட்டியவர்; பழக்கதோஷம், வண்டியை எடுத்துவிட்டார். டீச்சர் கைப்பையோடு பின்னால் ஓடினார். 'தானா கிளம்பத் தெரியாதா?' என்று கேட்க என் நாக்கு துடித்தது.

வாலு ஒற்றை விசில் ஊதினாள். வண்டி நின்றது. மூச்சு வாங்க வந்தவருக்குப் படியிலிருந்து கை நீட்டினாள்.

"மெதுவா ஏறுங்க டீச்சர். இறங்குற இடம் வந்ததும் நான் சொல்றேன்."