மாஸ்ரரின்ரை மூண்டு பிரவுசரும் ஒரு மரண அறிவித்தலும்

வைரஸ் பிடிச்ச கொம்பியூட்டரோடை வாற ஒருத்தரும் தாங்கள் எதையாவது அமத்தினதெண்டு ஒத்துக்கொள்ளாத தொழில் என்ரை தொழில். நெல்லியடிச் சந்திக்குக் கிட்ட எட்டு வருசமாத் திருத்துற கடை வைச்சிருக்கிறன். எல்லாருக்கும் வைரஸ் தானாத்தான் வந்ததாம். உங்கடை வீட்டிலையும் "எது நல்ல பிரவுசர்?" எண்டு கேட்டு உயிரை எடுக்க ஒருத்தர் இருப்பார். உங்களைப்போலப் பாவப்பட்ட சனத்துக்குத்தான் இதை எழுதுறன்.

நாலு நிமிச வீடியோ

கரணவாய் செல்வராசா மாஸ்ரர் கணக்குப் படிப்பிச்சுப் பென்சன் எடுத்தவர். மனிசி காலமாகி ரெண்டு வருசம். அவரின்ரை லப்ரொப்பிலை ஒரு நாலு நிமிச வீடியோ கிடக்குது, லண்டனிலை இருந்து மகள் வந்து நிண்டபோது எடுத்தது. மனிசி குசினியிலை தேங்காய் திருவிக்கொண்டு, புட்டு மாவைக் கட்டியாக் குழைச்சுப்போட்டாரெண்டு மாஸ்ரரைப் பேசிக்கொண்டிருக்கிறா. அவவின்ரை குரல் மிஞ்சினது அதிலை மட்டும்தான்.

வைரஸ் வந்தால் அது போயிடுமோ எண்ட பயத்திலைதான் மாஸ்ரர் முதல் நாள் கடைக்கு வந்தவர். எந்தப் பிரவுசர் பாதுகாப்பு எண்டு கேட்டார். எல்லாம் ஏறக்குறைய ஒண்டுதான், புதுப்பிச்சு வைச்சிருங்கோ, கண்டதையும் அமத்தாதேங்கோ, வீடியோவை வேறை இடத்திலையும் பிரதி எடுத்து வையுங்கோ எண்டு சொன்னன். மனிசனுக்குத் திருப்தியில்லை.

"பிள்ளை, நான் ஒருநாளும் ஏறக்குறைய எல்லாரும் ஒண்டு எண்டு றிப்போட் எழுதினதில்லை."

படலையிலை நிக்கிறவை

வல்வெட்டித்துறையிலை வள்ளம் வைச்சிருக்கிற குணம் அண்ணையின்ரை கொம்பியூட்டரைத் திறந்தால் மூலையிலை ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டாப் பெட்டி எழும்பும். பரிசு விழுந்திருக்கு, வைரஸ் பிடிச்சிருக்கு, முழங்கால் நோவுக்கு எண்ணெய் இருக்கு. போன போன பக்கமெல்லாம் "அறிவித்தல் அனுப்பலாமோ?" எண்டு கேட்டிருக்கு, அண்ணை எல்லாத்துக்கும் ஓம் போட்டிருக்கிறார். எண்ணிப் பாத்தன், நாப்பத்தேழு. வீட்டுக்காரனே கதவைத் திறந்துவிட்டால் எந்தப் பிரவுசர்தான் என்ன செய்யும் எண்டு கொஞ்சம் ஏசிப்போட்டன். அவருக்கு முகம் வாடிப்போச்சு.

"தங்கச்சி, படலையிலை நிண்டு மரியாதையாக் கேக்கிறவையை எப்பிடி வேண்டாமெண்டு அனுப்புறது?"

மாதப் பரீட்சை

அடுத்த மாதம் மாஸ்ரர் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியோடையும் லப்ரொப்போடையும் வந்தார். தனக்கு வந்த கள்ள மின்னஞ்சல்களிலை இருந்து பத்துக் கள்ளப் பக்கம் பொறுக்கி, தன்னட்டை இருந்த மூண்டு பிரவுசருக்கும் அ, ஆ, இ எண்டு பேர் வைச்சு, ஒவ்வொண்டிலையும் திறந்து பாத்துப் புள்ளி போட்டிருக்கிறார். அதுவும் அந்த வீடியோ கிடக்கிற லப்ரொப்பிலை. லப்ரொப்பை அவரின்ரை கையிலை இருந்து பறிச்சன். நல்லகாலம், தேடிப் பாத்தால் ஒண்டும் உள்ளை வரேல்லை.

'அ' ஒன்பது பக்கத்தைச் சிவப்பு எச்சரிக்கை போட்டு மறிச்சிருக்கு, 'ஆ' எட்டு, 'இ' ரெண்டே ரெண்டு. திறந்து பாத்தால், 'இ' ரெண்டு வருசமாப் புதுப்பிக்காமல் கிடக்குது. அது மொக்கு இல்லை மாஸ்ரர், நீங்கள்தான் அதை வகுப்பேத்தாமல் விட்டிட்டியள் எண்டு பகிடியாச் சொன்னன். அவர் சிரிக்கேல்லை.

"அது அவ பாவிச்சது பிள்ளை, அதிலை கை வைக்க மனம் வரேல்லை."

என்ரை முறை

காலமை தேத்தண்ணியோடை இணையத்திலை மரண அறிவித்தல் பாக்கிறது எங்கடை சனத்தின்ரை வழக்கம். ஒரு செத்தவீட்டைத் தவறவிட்டால் மூண்டு தலைமுறைக்குக் கோபம் நிக்கும். அண்டைக்குக் கடைக் கொம்பியூட்டரிலை ஒரு பெட்டி எழும்பிச்சு: "உங்கள் ஊரவர் ஒருவர் காலமானார். யாரெனப் பார்க்க அழுத்தவும்." என்ரை பெரியம்மா ஒரு கிழமையா ஆசுப்பத்திரியிலை. நான் இன்னும் போய்ப் பாக்கேல்லை. கை தானாப் போய் அமத்திச்சு. பிரவுசர் பாவம், சிவப்புப் பக்கம் போட்டு மறிச்சது. 'பரவாயில்லை, தொடருவம்' எண்டதையும் அமத்தினன். பத்து நிமிசத்திலை உள்ளை இருந்ததெல்லாம் பூட்டுப்பட்டு, திறக்கக் காசு கேட்டு நிண்டுது.

அதுக்கு முந்தின நாள்தான் மாஸ்ரரின்ரை லப்ரொப் டிஸ்க் பழுதாகி, வீடியோவை இழுத்தெடுத்து என்ரை கொம்பியூட்டரிலை போட்டு வைச்சனான். புது டிஸ்க்கிலை ஏத்த முதல் இது நடந்துபோச்சு. பழைய டிஸ்க்கைத் திரும்பப் போட்டுப் பாத்தன், அசையேல்லை. மாஸ்ரர் வந்தபோது எனக்கு அழுகைதான் வந்துது. அழுதழுது எல்லாத்தையும் ஒப்புக்கொண்டன். அவர் சட்டைப் பொக்கற்றிலை இருந்து மூண்டு பென் ட்ரைவை எடுத்து மேசையிலை வைச்சார். அ, ஆ, இ எண்டு எழுதி ஒட்டியிருக்கு. மூண்டிலையும் அதே நாலு நிமிசம். பிரதி எடுத்து வையுங்கோ எண்டு அவர் கடைக்கு வந்த முதல் நாள் நான் சொன்ன புத்தியை அண்டைக்கே செய்து முடிச்சிட்டாராம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்துது. பேந்து மாஸ்ரர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, மூக்குக்கண்ணாடியைக் கொழுவிக்கொண்டு கொப்பியைத் திறந்தார்.

"அழாமல் சொல்லும் பிள்ளை, நீர் எந்தப் பிரவுசரிலை அமத்தினனீர்?"

பெரியம்மா சுகமாகி வீட்டை வந்திட்டா, ஆனால் மாஸ்ரரின்ரை கொப்பியிலை மூண்டு பிரவுசருக்கும் கீழை நாலாவதா என்ரை பேர் கிடக்குது, பத்துக்குச் சைபர்.