மலருக்குத் தைத்த ஷூ

சொல்யூஷன் வாசனை... ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள் வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். தோலை ஒட்டுகிற அந்தப் பசையின் நெடி எத்தனை சோப்புப் போட்டாலும் விரலை விட்டுப் போகாது.

என் மனைவி சரளாவின் கையில் அது எப்போதும் இருக்கும். எங்கள் மூத்த மகள் மலர் அந்தக் கையை மூக்கின் மேல் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள்.

மலருக்கு நான்கு வயதானபோது தம்பி பிறந்தான்.

குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள், ஒடுகத்தூரிலிருந்து என் அக்கா வந்தாள். கட்டில் காலைப் பிடித்தபடி நின்ற மலரைப் பார்த்தாள்.

"கைக்கொழந்தயப் பாத்துப் பாத்து இவ ஏங்கி எளச்சிப் போய்டுவாடா. மூணு மாசம் எங்கூட இருக்கட்டும். நடுவுல வந்து மூஞ்சியக் காட்டாதீங்க. பாத்தா மறுபடியும் ஏங்கும்."

எங்கள் பக்கத்தில் அப்படிச் செய்வது உண்டு. சரளா மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சரி என்றேன்.

புறப்படும்போது மலரிடம் சொன்னேன். "தம்பி உனக்கு ஷூ தர்றான். அம்மா தெச்சதும் அப்பா எடுத்தாறேன்."

"அம்மா தெக்கிற ஷூவா? அப்ப அம்மா வாசன வரும் இல்ல? நீ சீக்கிரம் எடுத்தா."

பத்திரிகை நிருபரான நான் செய்திக்குக் குறிப்பெடுக்கும் நோட்டில் அவள் பாதத்தை வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்தேன். கூச்சத்தில் விரல்களை மடக்கிக்கொண்டு சிரித்தாள்.

சரளா வேலைக்குத் திரும்பியதும், கட்டிங் மாஸ்டர் மிச்சத் தோலில் அந்த அளவுக்கு வெட்டிக் கொடுத்தார். அவள் தைத்தாள். சிவப்பு ஷூ.

அதைக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. முகத்தைக் காட்டக் கூடாதே.

அக்கா வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்கு போன் செய்வேன். "அழுவறதே இல்லடா. நல்லா பழகிட்டா," என்பாள். ஊரில் யார் என்ன சொன்னாலும் இரண்டு பேரிடம் விசாரிக்காமல் எழுதாத நான், இதை மட்டும் அப்படியே நம்பினேன்.

மூன்று மாதம் முடியும்போது குழந்தைக்கு மஞ்சள் காமாலை. பிறகு ஜூன் வந்தது. அக்கா அங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்டாள். நடுவில் எதற்கு மாற்றுவது, வருஷம் முடியட்டும் என்றாள். அதற்கும் சரி என்றேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகித்தான் கூட்டி வரப் போனேன். மலர் அக்காவின் புடவைக்குப் பின்னால் நின்றாள். ஷூவை எடுத்து நீட்டினேன். உட்கார்ந்து போட்டுப் பார்த்தாள். குதிகால் நுழையவில்லை. இன்னொரு முறை அழுத்தினாள்.

கழற்றி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். அப்புறம் இரண்டையும் ஜோடியாகத் தரையில் வைத்தாள்.

"தம்பிக்குப் போட்டு வுடுங்க," என்றாள்.

என்னை அதுவரை 'நீ' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள்.

வீட்டுக்கு வந்த அன்று சரளாவிடம், "தண்ணி குடிக்கலாமா?" என்று கேட்டாள். ராத்திரி சரளா கையை நீட்டினாள். மலர் அதைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தம்பியிடம் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. அக்கம்பக்கத்தார் எங்களைப் பாராட்டினார்கள்.

ஷூவை இரண்டு வருஷம் கழித்து அவன் போட்டுக் கிழித்தான்.

போன மாதம் வேலூரில் மலருக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. அவளுடைய பெரியவளுக்கு நான்கு வயது. நர்ஸ் அவளைக் கட்டிலில் உட்கார வைத்து, மடியில் தலையணை வைத்து, அதன் மேல் குழந்தையைக் கிடத்தினார். "பெரியவங்களக் கூடவே வெச்சிக்கணும்மா. துணி எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க," என்றார். இவ்வளவுதானா என்றிருந்தது... அன்று இதை எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

சரளாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "பெரியவள ஒரு வாரம் நாங்க வெச்சிக்கிறோமே மலரு... உனக்கும் செரமம் கம்மியா இருக்கும்."

மலர் குரலை உயர்த்தவில்லை. "வேணாம்மா. அவ எங்கயும் போவ மாட்டா."

சொல்லும்போதே அவள் கை, மகளின் கணுக்காலைப் பிடித்திருந்தது. நாங்கள் கிளம்பும்வரை விடவில்லை.

"பாத்துப் போங்க," என்றாள் எங்களிடம். வந்த விருந்தாளிக்குச் சொல்வது போல.

ஆம்பூர் பஸ்ஸில் ஏறினோம். பள்ளிகொண்டா தாண்டியதும், சரளா தன் விரல்களை மூக்கருகே வைத்துப் பார்த்தாள்.

கம்பெனியை விட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. அதில் ஒன்றும் இருந்திருக்காது.