இருபத்தோராவது ஆள்

என் அப்பா குணரத்தினம் திருகோணமலைத் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். லீவு நாட்களில் முந்நூற்றுநாலு என்ற சீட்டுக் கடதாசி ஆட்டம் விளையாடுவார். நாலு பேர், இரண்டு சோடி. அப்பாவின் சோடி சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த கரைவலைத் தொழிலாளி சின்னராசா. வாசிகசாலைச் சுற்றுப்போட்டியில் இருவரும் தொடர்ந்து நாலு வருடம் வென்றார்கள்.

அதிர்ஷ்டம் என்று யாராவது சொன்னால் அப்பாவுக்குப் பிடிக்காது. கடதாசி பிரித்து முடியும்வரைதான் அதிர்ஷ்டம் என்பார். அதற்குப் பிறகு, விழுந்ததை எண்ணுவதும் எதிராளியின் முகத்தைப் பார்ப்பதும்தான் விளையாட்டு.

1986இல் இறுதியாட்டம் பாதியில் நின்றது. இராணுவச் சுற்றிவளைப்பு. வாசிகசாலையில் இருந்த ஆண்களையும் தெருவில் போனவர்களையும் கடற்கரையில் வரிசையாக நிறுத்தினார்கள். ஜீப்புக்குள் சாக்கால் முகம் மூடிய, ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டி. ஒவ்வொருவராக அவன் முன்னால் போக வேண்டும். அவன் தலையசைத்தால் லொறியில் ஏற்றுவார்கள்.

அப்பா எண்ணினார். ஏழாவது ஆளுக்குத் தலை அசைந்தது. பிறகு பதினாலாவது ஆளுக்கு. அப்பா இருபத்தோராவது. அவருக்குப் பின்னால் சின்னராசா.

அப்பா குனிந்து செருப்பைப் பிடித்தார். “வார் கழண்டுபோச்சு. நீ முன்னால போ.”

“இதிலயும் என்னையே முதல் இறக்க விடுறியளோ அண்ணை,” என்று சிரித்தபடி சின்னராசா முன்னே போனார்.

தலை அசைந்தது. சின்னராசா திரும்பி வரவில்லை.

அப்பா அதன்பின் கடதாசி தொடவில்லை. மாதம் ஒருமுறை சைக்கிளில் சல்லிக்குப் போய், சின்னராசாவின் மனைவி நல்லம்மா வீட்டு வேலியைச் சரிபார்த்துவிட்டு வருவார். அப்பாவுக்கு எவ்வளவு நல்ல மனம் என்று நல்லம்மா எங்களிடம் சொல்வார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

செருப்பு வாரைப் பற்றி அவர் எனக்குச் சொன்னது 2008இல், ஆஸ்பத்திரிக் கட்டிலில். வார் கழலவே இல்லை. நான் புள்ளிவிபரம் படித்தவள்; அதுதான் என் தொழிலும். ஏழுக்கொரு தரம் என்ற ஒழுங்கு உண்மையாகவே இருந்ததா என்று கணக்குப் பார்த்துச் சொல்லச் சொன்னார். இருந்ததென்றால் தெரிந்தே அனுப்பியிருக்கிறார். இல்லையென்றால் யார் எங்கே நின்றாலும் ஒன்றுதான்.

ஆஸ்பத்திரி விறாந்தை வாங்கில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். ஏழு பேரில் ஒருவருக்குத் தற்செயலாகத் தலை அசைகிறது என்று வைத்தால், முதல் அசைவுக்குப் பிறகு இரண்டு தடவையும் சரியாக ஏழாவது ஆளிலேயே விழும் வாய்ப்பு ஆயிரத்துக்கு மூன்று. சாக்குக்குள் இருந்தவனும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

“பாத்தியே பிள்ளை?”

“ஓம் அப்பா. வெறும் அதிர்ஷ்டம்தான்.”

“அப்ப நாங்கள் போட்டியில வெண்டதும்?”

“அதுவும்தான்.”

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “யோசிக்காமல் கெதியாச் சொல்லிப்போட்டாய்,” என்றார்.

வியாழக்கிழமை காலை உயிர் போனது.

செத்தவீட்டில் நல்லம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா கடைசியாகத் தன் புருசனைப் பற்றி ஏதும் கதைத்தாரா என்று கேட்டார்.

இல்லை என்றேன்.