போனில் பேசிய பிள்ளை

ஈப்போ நகரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் பதினோரு வருடமாகத் தொலைபேசி எடுக்கும் வேலை எனக்கு. தமிழில் பேச விரும்புகிறவர்கள் மூன்றாம் எண்ணை அழுத்தினால் எங்கள் பக்கம் வரும். ஆறு பேர் இருந்தோம். போன வருடம் இயந்திரக் குரல் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கிளை எங்கே, எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது மாதிரிக் கேள்விகளை அதுவே பார்த்துக்கொண்டது. சாவு, நோய், கோபம் மட்டும் எங்களுக்கு வந்தன. ஆறு பேர் மூன்று பேரானோம். அந்த மூவர் ஏன் போனார்கள், நாங்கள் மூவர் ஏன் இருக்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை.

அதே சமயத்தில் எங்கள் கணினியிலும் புதிதாக ஏதோ போட்டார்கள். “பின்னால சத்தம் கேக்காதுலா, அவ்ளோதான்,” என்றாள் சூப்பர்வைசர். என்னைவிடப் பத்து வயது சின்னவள்; என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

அதற்குப் பிறகுதான் அழைப்பவர்கள் “நீங்க ஆளா, மிஷினா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். முதலில் சிரித்தேன். பிறகு சலித்துப்போனது.

ஒரு நாள் சித்தியவான் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். மனைவி இறந்துவிட்டார், தன் காப்புறுதியில் மனைவி பெயரை எடுத்துவிட்டு மகள் பெயரைப் போட வேண்டும்.

“உங்க ஐசி நம்பர், அடையாள அட்டையில இருக்கறது, சொல்லுங்கய்யா.”

“மிஷினுக்கெல்லாம் நான் ஐசி நம்பர் குடுக்க மாட்டேன்.”

“ஐயா, நான் ஆளுதான். ரப்பர் தோட்டத்துல பொறந்து வளந்தவதான்.”

“தோட்டமா? அப்ப பெரட்டுன்னா என்னான்னு சொல்லு பாப்போம்.”

“விடியறதுக்கு முன்ன ஆளுங்கள வரிசையா நிறுத்தி பேர் கூப்பிடறது. எங்கம்மா என்னைய, பிள்ளைங்கள பாத்துக்கற ஆயாக்கொட்டாயில விட்டுட்டு ஓடுவாங்க.”

“இதக் கூட எவனாச்சும் உள்ள எழுதி வெச்சிருப்பான்,” என்றார்.

காலையில் என்ன சமைத்தேன் என்று கேட்டார். நேற்றைய ரசம் என்றேன். அதையும் நம்பவில்லை. நான் ஆள் என்பதற்கு வேறு என்ன சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. கடைசியில் அவரே, “வியாழக்கிழம பஸ் ஏறி வாரேன். நேர்ல பாத்தா தெரிஞ்சிரும்,” என்று வைத்துவிட்டார்.

வந்தார். கீழே கவுண்டரிலிருந்து கூப்பிட்டுச் சொன்னதும் ஓடினேன். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பிளாஸ்டிக் பைக்குள் மரணச் சான்றிதழ்.

“ஐயா, நான்தான் போன்ல பேசுனது.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீ இல்லம்மா. அந்தப் பிள்ள கொரல் வேற.”

என் குரல் கரகரப்பானது. பள்ளியில் பாட்டுப் போட்டிக்கு என்னைச் சேர்த்ததே இல்லை. பெரட்டைச் சொன்னேன், ரசத்தைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார், நம்பவில்லை. ஆனால் பெயர் மாற்றும் பாரங்களைப் பூர்த்தி செய்ய என்னிடம்தான் கொடுத்தார். மனைவி பெயர் இருந்த இடத்தை நான் கோடு போட்டு அடித்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேலை முடிந்து எழுந்தவர் சொன்னார்: “நல்ல பிள்ளம்மா நீ. அந்தப் போன்ல பேசுன பிள்ளகிட்ட சொல்லிரு, வேல முடிஞ்சிருச்சின்னு. பாவம், நான் ரொம்ப ஏசிட்டேன்.”

“சரிங்கய்யா, சொல்லிடறேன்,” என்றேன்.

மேலே வந்து சூப்பர்வைசரிடம் அந்த அழைப்பின் பதிவைக் கேட்க வேண்டும் என்றேன். போட்டுக் காட்டினாள். வார்த்தை எல்லாம் என்னுடையது. நடுவில் நான் இருமிய சத்தம் மட்டும் அதில் இல்லை. குரல் இருபத்தைந்து வயதுப் பெண்ணுடையது. மெத்தென்று, வானொலி அறிவிப்பாளர் மாதிரி.

“கொஞ்சம் கிளியர் பண்ணும்க்கா. எனக்கே இவ்ளோ மாறும்னு தெரியாது,” என்றாள். “ஆனா நல்லாத்தானே இருக்கு? கம்ப்ளேன் கொறஞ்சிருக்குக்கா.”

நன்றாகத்தான் இருந்தது. கோபப்படுவதா, வெட்கப்படுவதா என்று புரியாமல் நின்றேன். சாப்பாட்டு நேரத்தில் என் இருக்கையிலிருந்தே வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

“நான்தாங்க.”

“நான்தான்னா யாரு? எங்களுக்கு காப்புறுதி எல்லாம் இருக்கு. வீட்டம்மாவே அங்கதான் வேல செய்யறாங்க,” என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார். இருபது வருடமாக என்னிடம் அவ்வளவு மரியாதையாக அவர் பேசியதில்லை.

ஒரு வாரம் கணினியில் போட்டிருந்த அந்தக் குரல் மாற்றத்தை அணைத்துவைக்கச் சொன்னேன். சூப்பர்வைசர் ஒத்துக்கொண்டாள். அந்த வாரம் பாகான் செராயிலிருந்து பேசிய ஒரு அம்மா, “என்ன தங்கச்சி, சளியா?” என்று கேட்டார். ஒருவர், “பழைய பொண்ணு இல்லையா? அதுகிட்ட குடும்மா,” என்றார். இன்னும் இரண்டு பேர் என் சொந்தக் குரலைக் கேட்டே, “நீங்க மிஷினா?” என்றார்கள். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. திங்கட்கிழமை மறுபடி போடச் சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் யோசிக்கிறேன்.

போன மாதம் ஒரு பாரம் வந்தது. இயந்திரத்துக்குத் தமிழ் நன்றாக வருவதற்கு எங்கள் பதிவுகளைப் பயன்படுத்திக்கொள்வார்களாம். ‘என் குரலைத் தருகிறேன்’ என்று கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்து இருக்கைக்காரி உடனே போட்டாள். போடாவிட்டால் வேலை போகுமா, போட்டால் போகுமா என்று இருவரும் பேசிப் பார்த்தோம். இரண்டுக்கும் காரணம் இருந்தது.

நானும் போட்டுவிட்டு, சூப்பர்வைசரிடம் கொடுக்கும்போது கேட்டேன்: “எந்தக் கொரல் இது? என்னோடதா, அந்தப் பொண்ணோடதா?”

அவள் சிரித்தாள். பிறகு பாரத்தை மறுபடி படித்துப் பார்த்தாள். “தெரியலக்கா. கேஎல் ஹெட் ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்,” என்றாள்.

கேட்டாளாம். அங்கேயும் யாருக்கும் தெரியவில்லையாம்.