கஞ்சியை நம்பிய கால்கள்

வைகாசியில் குறுவை நாற்றங்காலைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினேன். வாசலில் நின்ற மருமகள் மல்லிகா, "அத்தை, இன்னொரு செருப்பு எங்க?" என்றாள். குனிந்து பார்த்தேன். இடது கால் வெறுங்காலாக இருந்தது. சேற்றில் கழன்றது எனக்குத் தெரியவே இல்லை.

மாசியில்தான் தஞ்சாவூரில் எனக்கு ஸ்லீவ் அறுவை (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துக் குறுக்குவது) நடந்தது. உடம்பு கனத்து, முட்டி தேய்ந்து, சர்க்கரையும் ஏறியிருந்தது. பிறர் கைத்தாங்கலில் எழுந்து நிற்பது எனக்குப் பிடிக்காது. நானே கேட்டுத்தான் செய்துகொண்டேன்.

வீடு வந்ததும் ஊரடங்கு. மறு பரிசோதனைக்குப் போக வழியில்லை. எதைத் தின்றாலும் வாந்தி. மெலிந்துகொண்டே போனேன். கொரோனா என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டேன். வயிறு கெட்டால் எங்கள் பக்கத்தில் கஞ்சிதான். தெளிந்த கஞ்சியாகவே குடித்தேன். பருப்பையும் முட்டையையும், வயிறு ஆறட்டும் என்று தள்ளிவைத்தேன்.

செருப்பு போன அன்றே மல்லிகா, அறுவை செய்த டாக்டரம்மாவைப் போனில் பிடித்து, கால் மரத்ததைச் சொல்லி என்னிடம் கொடுத்தாள்.

"வாந்தி எத்தனை நாளா இருக்கும்மா?"

"அது கெடக்குங்க. கஞ்சி ஒத்துக்குது."

"கஞ்சியில என்னம்மா இருக்கு?"

"எங்க வயல் அரிசிங்க!"

அவர் சிரிக்கவில்லை. "இன்னும் விட்டா நடக்கவே முடியாது. இன்னைக்கே வாங்க."

இ-பாஸ் வாங்கி மல்லிகா காரில் கூட்டிப்போனாள். தயமின் (நரம்புக்கு வேண்டிய பி1 உயிர்ச்சத்து) ஊசி போட்டார்கள். வாந்தியில் போன சத்தைத் தீட்டிய அரிசிக் கஞ்சி திருப்பித் தராதாம். "முதல்ல முட்டை, பருப்பு. வயித்துல இடம் இருந்தா கடைசியா சோறு," என்றார் டாக்டரம்மா. நெல் விளைவிக்கிறவளுக்கு அந்தப் பேச்சு கசந்தது. ஆனால் நடக்க வேண்டுமே.

இந்த அறுவை செய்துகொண்ட பெண்களே, வாந்தி நிற்காவிட்டால் கஞ்சியை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். போனிலாவது டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். தலைமுடி கொட்டும், அது முளைத்துவிடும். கால் அப்படிக் காத்திருக்காது.

புரட்டாசியில் சம்பா நடவு. ஊன்றுகோலோடு வயலுக்குப் போனேன். வாய்க்கால் தண்ணீரில் காலைத் தொங்கவிட்டு முட்டையை மென்றுகொண்டிருந்தேன். நடவாட்கள் தின்று முடித்துத் தூக்குவாளியும் கழுவிவிட்டார்கள்.

"பெரியம்மா, அறுப்புக்கு நாங்க வர்றதுக்குள்ளயாச்சும் முடிச்சிருவீங்களா?" என்றாள் நடவு நடும் செல்வி.

"முதல்ல நீ ஒழுங்கா நடுடி. அறுப்பை அப்புறம் பார்ப்போம்."

நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடியவள் நான். இப்போது ஒரு முட்டை தின்பதற்குள் மர நிழல் நகர்ந்துவிடுகிறது. வலது காலில் தண்ணீரின் குளிர்ச்சி ஏறியது. இடது காலிலும்தான், சுண்டுவிரலில் மட்டும் இல்லை. வரும்போது வரட்டும். இன்னொரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.