புதன்சந்தையில் மூடி பார்ப்பவர்

1991-இலிருந்து புதன்சந்தை வட்டாரத்தில் பழைய லாரி கைமாறினால், விற்பவரும் வாங்குபவரும் ஒத்துக்கொள்ளும் ஒரே ஆள் மெக்கானிக் அர்த்தநாரி. அவர் தலையாட்டினால் வியாபாரம் முடியும். ஆட்டாவிட்டால் வண்டி வந்த வழியே திரும்பும்.

அவருடைய சோதனையைச் சேலம் சாலையில் நின்று யாரும் வேடிக்கை பார்க்கலாம். இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றி, தலைகீழாக அதே வாயின் மேல் வைப்பார். மூடி உட்கார்ந்திருந்தால் இன்ஜின் நலம். துள்ளி விழுந்தால், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள் தேய்ந்து, மேலே வெடிக்கிற புகை கீழே ஆயில் தொட்டிக்குள் இறங்கி முட்டுகிறது என்று பொருள். பட்டறைகளில் இதற்கு ‘பேக் கம்ப்ரஷன்’ என்று பெயர். முட்டுகிற காற்று சீல்களைப் பிதுக்கி ஆயிலை ஒழுகவிடும். இன்ஜினை இறக்கி, சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து ‘போர் அடித்து’, புது பிஸ்டனும் ரிங்கும் போட்டால்தான் தீரும்.

ஊரில் இதை ‘மூடி பாக்கறது’ என்கிறார்கள். அர்த்தநாரியின் பட்டறைக்கு எதிரே ராசுவின் டீக்கடை. மூடி நிற்குமா விழுமா என்று அங்கே டீக்குப் பந்தயம் நடக்கும்.

இந்தத் தை மாதம் சாரதாமணி தன் லாரியோடு வந்தார். சேந்தமங்கலம் பக்கத்துக்காரர். ஜவ்வரிசி செய்யும் ராசிபுரத்து சேகோ ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு ஏற்றுகிற பழைய வண்டி. கிழங்கு பிடுங்கும் பருவம் அப்போதுதான் சூடுபிடித்திருந்தது. பிடுங்கிய கிழங்கு காத்திருக்காது.

“ஏனுங்ணா, ஆயில் ஒழுகுதுங்க. காலைல பிரேக்குக்குக் காத்து ஏறறதுக்கும் வெகு நேரம் ஆவுது. செத்த பாருங்களே.”

டீக்கடை பெஞ்சு காலியாகி, கூட்டம் வண்டியைச் சுற்றி நின்றது.

“உழுகும்ங்கறேன். ராசு, என்ற டீய இவன் கணக்குல போடு.”

“நிக்கும்டா. அர்த்தநாரியண்ணன் மொறச்சாப் போதும், மூடி எந்திரிக்கவே பயப்படும்.”

ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் மூடி எகிறி, மட்கார்டில் பட்டு, வண்டிக்கடியில் உருண்டது. கூட்டம் ஆரவாரித்தது.

“போர் போயிருச்சுங்க அம்மணி. இறக்கியாகணும்” என்றார் அர்த்தநாரி.

“லோடோட மேடெல்லாம் நல்லா ஏறுதுங்களே. புகைகூட இல்லீங்க.”

“கெழவன்கூட சாவறதுக்கு மொத நாளு நல்லாத்தான் சோறு திம்பான்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சாரதாமணி மட்டும் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்.

இன்ஜினைப் பிரித்து முதல் சிலிண்டரைத் துடைத்த அர்த்தநாரி, மறுபடியும் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். தேய்ந்த சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடிபோல் பளபளக்கும். இதில் புதிதில் போட்ட குறுக்குக் கோடுகள் அப்படியே இருந்தன. மற்றவற்றிலும் அப்படியே. ரிங்குகளில் குறை இல்லை. கடைசியாக, பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரஸரைக் கழற்றினார். அதன் சிறிய பிஸ்டன் விரல் பட்டதும் ஆடியது. காற்றுத் தொட்டிக்குப் போகவேண்டிய காற்று அங்கிருந்து கசிந்து இன்ஜினுக்குள் இறங்கியிருக்கிறது. மூடியைத் தள்ளியது அந்தக் காற்று.

இது அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. மூடி விழுந்தால், கம்ப்ரஸரிலிருந்து போகும் பைப்பைத் தளர்த்திவிட்டு இன்னொரு முறை மூடி வைத்துப் பார்க்கவேண்டும். அப்போது கம்ப்ரஸர் காற்று வெளியே போய்விடும்; மூடி நின்றால் குற்றம் கம்ப்ரஸரில். ஒரு டீ ஆறுகிற நேரத்து வேலை. மற்ற வண்டிகளுக்கு அதைச் செய்கிறவர்தான். அன்றைக்குக் கூட்டம் சிரிக்கத் தயாராக நின்றது. அவரிடம் ஒரு கிண்டலும் தயாராக இருந்தது.

போர் அடிக்கும் லேத் பட்டறைக்காரர் செங்கோட்டையன், சிலிண்டர் பிளாக்கை எடுத்துப்போக வந்தவர், உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார்.

“ஏன் மாப்ள, இதுல போர் அடிக்க என்ன கெடக்குது?”

அர்த்தநாரி கழற்றி வைத்திருந்த கம்ப்ரஸரைக் காட்டினார். செங்கோட்டையன் அதை எடுத்து ஆட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“கம்முனு புது ரிங்கு போட்டு, இதையும் மாத்திக் கட்டிரு. வண்டியும் சரியாவுது, உன்ற பேரும் நிக்குது. ஆருக்குத் தெரியும்?”

“உனக்குத் தெரியுமே.”

“நான் வாயத் தொறப்பனா?”

அந்த வாக்குறுதிதான் அர்த்தநாரியை அதிகம் குன்றவைத்தது. ஆனாலும் புது ரிங்குக்குச் சொல்லிவிட்டார். சாரதாமணி போன் செய்தபோது “வேலை நடக்குதுங்க” என்றார். மூடி பார்க்க வந்த ஒருவரிடம் தலைவலி என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். டீக்கடைக்குப் போகாமல் வீட்டிலிருந்து பிளாஸ்கில் டீ கொண்டுவந்தார். மனைவி பூவாத்தாள் காரணம் கேட்டதற்கு, ராசு இப்போது டீயில் தண்ணீர் ஊற்றுகிறான் என்று ராசு மேல் பழி போட்டார்.

ரிங்குகள் வந்த அன்று சாரதாமணியும் வந்தார். பஸ் இறங்கி நேரே டீக்கடைக்குப் போனவர், அங்கே சொன்னது பட்டறைவரை கேட்டது:

“வாடகை வண்டி நேரத்துக்கு வராம ஒரு லோடு கெழங்கு காட்டுலயே கெட்டுப்போச்சுங்க. போச்சாது, போனாப் போவுது. அண்ணன் பாக்காட்டி இன்ஜின் நடுரோட்டுல நின்னிருக்கும்.”

அர்த்தநாரி கையிலிருந்த ரிங் பெட்டியைக் கீழே வைத்தார். சாரதாமணியை உள்ளே கூப்பிட்டார்.

“அம்மணி, இதுக்குள்ள பாருங்க. என்ன தெரியுது?”

“கோடு கோடா இருக்குதுங்க.”

“அது அழிஞ்சிருந்தாத்தான் தேஞ்சுதுன்னு அர்த்தம். அழியல. இன்ஜின்ல ஒண்ணுமில்லீங்க. கம்ப்ரஸர்தான் போயிருக்குது. நாந் தப்பாச் சொல்லிப்போட்டனுங்க.”

சாரதாமணி சிலிண்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“காத்து ஏற நேரமாவுதுன்னு அன்னைக்கே சொன்னனுங்களே. காதுல உழுவலீங்களா?”

விழவில்லை என்று அர்த்தநாரி சொல்லியிருக்கலாம்.

“உழுந்துச்சுங்க.”

“உழுந்தும் கெழவன் சோறு திங்கறான்னு சொன்னீங்க.”

அர்த்தநாரி கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நாலு பேரு முன்னால சொன்னீங்க. இதையும் அங்கயே சொல்லிப்போடுங்.”

அர்த்தநாரி சாலையைக் கடந்து போனார். டீக்கடை வாசலில் நின்று, செருப்பைப் பார்த்தபடி, நடந்ததைச் சொன்னார். பைப்பைத் தளர்த்திப் பார்க்காததையும் சொன்னார். இப்போதும் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. ராசு கண்ணாடி டம்ளர்களைக் கழுவத் தொடங்கினார்.

“உடுங்ணா, ஆனைக்கும் அடி சறுக்கும்” என்றார் பெஞ்சில் ஒருவர்.

“ஆனைக்குத்தானே சறுக்கும். கெட்டுப்போன கெழங்கு என்றதுங்க” என்றார் பின்னாலேயே வந்திருந்த சாரதாமணி.

புது ரிங்குகள் கடைக்குத் திரும்பிப் போய்விட்டன. இன்ஜின் பழைய ரிங்குகளோடும் புது கம்ப்ரஸரோடும் கட்டப்படுகிறது. வண்டி வெள்ளிக்கிழமை வெளியே போகிறது. கிளட்ச் வேலை ஒன்று பாக்கியிருக்கிறது. அதற்கு சாரதாமணி நாமக்கல்லில் வேறொரு பட்டறையில் சொல்லி வைத்திருக்கிறார்.